அசைவு தெரிஞ்சா கூப்பிடுங்க

இடது பக்கமாச் சாஞ்சு படுங்க, வயித்துல கைய வச்சுக்கோங்க, அசைவு தெரிஞ்சா கூப்பிடுங்க. சொல்லிட்டு சிஸ்டர் போயிட்டாவ. போகும்போது அந்தக் கையடக்க மெஷினையும் கொண்டு போயிட்டாவ, அதுக்குள்ளதான் இம்புட்டு நேரம் என் பிள்ளை சத்தம் கேட்டுச்சு, பையத்தான் கேட்டுச்சு, ஆனா கேட்டுச்சு, நான் கேட்டேன், அம்மாவும் கேட்டா. "துடிப்பு இருக்கும்மா, கொஞ்சம் கம்மியாத் தெரியுது, டாக்டரம்மா தியேட்டர்ல இன்னொரு கேஸ் பாக்காவ, முடிச்சதும் வந்து ஸ்கேன் வச்சுப் பாப்பாவ, நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காம படுங்க." அலட்டிக்காமலாம். உன் வயிறா இது? இல்ல, பாவம், அவங்க மேல என்ன கோவம், நல்லாத்தான் சொன்னாவ. ஆனா கம்மின்னாவளே, எவ்வளவு கம்மி, கம்மின்னா இன்னும் கம்மியாகுமா, இல்ல கூடுமா, கேட்டிருக்கலாம், வாய் வரலை. இந்தப் பெர்சிஸுக்கு வாய் வரலைன்னு சொன்னா எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தியும் நம்ப மாட்டா. நேத்து சாயங்காலம் வரைக்கும் உள்ள என்ன கும்மாளம், விலா எலும்புல மிதிச்சு, மூத்திரப்பையில உக்காந்து, போதும்டே கொஞ்சம் சும்மா கெடன்னு நானே சொன்னேன், சொன்னேனே, அதைக் கேட்டுத்தான் சும்மா கெடக்கோ, அய்யோ அப்படிச் சொல்லலை கண்ணு, விளையாட்டுக்குச் சொன்னேன். காலையில பல்லு தேய்க்கும்போதே என்னமோ குறையுதுன்னு தோணுச்சு. மோட்டாரை அமத்தலையோ, பால் எடுத்து வைக்கலையோ, என்னமோ ஒண்ணு. தோசைக்கல்லுல எண்ணெய் தேய்க்கும்போதுதான் உறைச்சுது. உதைக்கலை. எந்திரிச்சதுல இருந்து ஒரு உதை இல்ல. தூங்குதுன்னு நினைச்சேன். கருப்பட்டிக் காப்பி ஒரு தம்ளர் குடிச்சா துள்ளும், எப்பமும் துள்ளும், குடிச்சேன், துள்ளலை. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அம்மா அப்பமே சொன்னா. சும்மா இரும்மா, எல்லாத்துக்கும் பதறாத, குளிச்சிட்டுப் பாப்போம்னேன். குளிச்சேன். தலைக்கு வேற ஊத்துனேன். தலை துவட்டி, துணி மாத்தி, ஆட்டோ பிடிச்சு. இப்பம் இங்க கெடக்கேன், இடது பக்கம் சாஞ்சு, சுவத்தைப் பாத்துக்கிட்டு. சுவத்துல ஒரு குண்டுக் குழந்தை படம் ஒட்டியிருக்காவ, வெள்ளைக்காரக் குழந்தை, ஈன்னு இளிக்கு. அதைப் பாக்கக் கூடாது.

அசையலை. இப்பம் ஒண்ணு வந்துச்சோ? இல்ல, அது வாயு. வாயுவுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமலா ஒம்போதாம் மாசம் வரைக்கும் வந்தேன். ஏ குட்டி, எந்திரி, விளையாட்டு போதும், அம்மா பயந்துட்டேன், நீதான் ஜெயிச்ச, எந்திரி. நான் பேசாத சாமானே வீட்டுல கிடையாது. ஸ்கூட்டி கிளம்பலைன்னா, தாயி இன்னைக்கு மட்டும் கொண்டு விட்ருட்டி, நாளைக்கு உன்னை மெக்கானிக்குகிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவேன், கிளம்பிரும். மிக்சிகிட்டப் பேசுவேன், பொங்கி வழியுத பாலைப் பிடிச்சுத் திட்டுவேன், கரண்டு போனா மின்வாரியத்தை விட்டுட்டு ஃபேனைப் பாத்துக் கேப்பேன், உனக்கு ஈவு இரக்கம் இருக்கான்னு. "ஊர்ல உள்ள எல்லாத்துக்கிட்டயும் பேசு, என்கிட்ட மட்டும் போன்ல ரெண்டு வார்த்தையில வச்சிரு"ன்னு ஆசீர் சொல்லிச் சிரிப்பாவ. ஆசீர் என் வீட்டுக்காரர். சென்னையில வேலை, இப்பம் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்காவ, எங்க வாறாவளோ, மதுரை தாண்டியாச்சோ என்னமோ. வயித்துக்குள்ள இருக்கதுகிட்டயும் எந்நேரமும் பேச்சுதான், இன்னைக்கு என்ன கொழம்பு, எந்த வகுப்புல எந்தப் பய கணக்கைக் காப்பி அடிச்சான், எல்லாம் அதுக்குத் தெரியும். ஆனா அவர்கிட்ட மட்டும் பேச்சு வராது. ஏசப்பாகிட்ட. பொறந்ததுல இருந்து ஞாயித்துக்கிழமை தவறாம அவர் வீட்டுக்குப் போயிட்டு வாறேன், ஞானப்பாட்டு மனப்பாடம், கோயில் வாசப்படியில எத்தனாவது படி உடைஞ்சிருக்குன்னு தெரியும், ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், மனசு விட்டு, வாரும் உக்காரும் எப்படி இருக்கீருன்னு பேசுனது கிடையாது. பேச விட்டாத்தானே. எங்க வீட்டுல அவர் காது என்னைக்குமே காலியா இருந்தது இல்ல. அது அம்மா காது. அம்மாவும் அப்பாவும் மாத்தி மாத்தி எடுத்துக்கிடுத காது.

சிரிப்பா வருது, இந்த நேரத்துல. ராத்திரி எட்டு மணிக்கு அம்மா குடும்ப ஜெபத்துக்குப் பாயை விரிப்பா. பாட்டு, வேத வாசிப்பு, பொறவு ஜெபம், ஆளுக்கொண்ணு. அப்பாவுக்குக் கொழம்பு பிடிக்கலைன்னா சோத்துத் தட்டு முன்னால ஒரு வார்த்தை சொல்ல மாட்டாவ, நல்ல மனுசன். ஜெபத்துல சொல்லுவாவ. "ஆண்டவரே, இந்த வீட்டிலே சமைக்கிற கரங்களை ஆசீர்வதியும், அவசரத்திலே உப்பை அள்ளிப் போடாதபடி அந்தக் கரங்களுக்கு நிதானத்தைத் தாரும்." அடுத்து அம்மா முறை. "கர்த்தாவே, உழைக்கிறவர்களைக் குறை சொல்லும் நாவுகளை நீரே கட்டுப்படுத்தும், அந்த நாவுகள் நாளைக்குத் தானே எழுந்து சமைத்துப் பார்க்கும்படி கிருபை செய்யும்." ஆமென். ரெண்டு பேரும் கண்ணைத் திறந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி, மோர் ஊத்தட்டுமான்னு கேப்பா, ஊத்துன்னுவாவ. சண்டை முடிஞ்சுது. வேற எந்த வீட்டுல இப்படிச் சண்டை போட்டிருப்பாவ? எனக்கும் அதுலதான் பூசை. முகத்துக்கு நேரா அம்மா என்னைத் திட்டுனதே கிடையாது, ஊர்ல கேட்டுப் பாருங்க, ரத்னபாய் டீச்சர் பிள்ளைய ஒரு வார்த்தை சொல்ல மாட்டாவன்னுவாவ. "மாடியிலே நின்று யாரோடோ தொலைபேசியிலே பேசுகிற எங்கள் மகளின் கண்களைத் திறந்தருளும்." கண்ணை மூடிக்கிட்டுக் கெடக்க என் காது சிவந்துரும். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? ஜெபத்துக்கு நடுவுல யாராவது எதிர்த்துப் பேசுவாங்களா? சின்னதுல ஒரு தடவை நானும் என் முறை வந்தப்போ, ஏசப்பா, அம்மா சீனி டப்பாவை எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு கொஞ்சம் சொல்லும்னு கேட்டேன். நிசமாத்தான் கேட்டேன், அவருக்குத் தெரியும்லா. அப்பா சிரிச்சிட்டாவ. அம்மா சிரிக்கலை. ஜெபத்துல விளையாடப்பிடாதுன்னா. அன்னையில இருந்து பரமண்டல ஜெபத்தை ஒரே மூச்சுல ஒப்பிச்சிட்டு ஆமென் சொல்லிருவேன், கணக்கு முடிஞ்சுது.

அசையலை. கல்யாணத்துக்குப் பொறவு ஏழு வருசம். அந்த ஏழு வருசமும் என் வயிறு எனக்குச் சொந்தமா இருந்துச்சா, இல்ல, அது எங்க கோயில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் சொந்தம். அம்மாதான் அதுக்குத் தலைவி. பாளையங்கோட்டையில யார் வீடு கட்டினாலும், யார் பிள்ளை பரீட்சை எழுதினாலும், யாருக்குச் சீக்குன்னாலும், ரத்னபாய் டீச்சர் வந்து ஜெபிச்சாத்தான் திருப்தி, கார் அனுப்புவாவ, அவ ஜெபிச்சா கல்லும் கரையும்னுவாவ. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எனக்காக முழங்கால். "உமது அடியாளின் கர்ப்பத்தைத் திறந்தருளும்." நாப்பது பொம்பளைங்க சேந்து ஆமென். ஞாயித்துக்கிழமை கோயில்ல ஒவ்வொருத்தியும் என் கண்ணைப் பாக்குததுக்கு முந்தி வயித்தைத்தான் பாப்பா. ஒரு மாசம் தள்ளிப் போனா அம்மாகிட்டச் சொல்லவே பயம், சொன்னா அது அடுத்த வெள்ளி நன்றி ஸ்தோத்திரம் ஆயிரும், பொறவு வந்துட்டா அதுக்கடுத்த வெள்ளி கண்ணீர் ஆயிரும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பெர்சிஸ் உனக்கு வருத்தமா இருக்காட்டின்னு என்னைக் கேட்டாளா? கேக்கலை. அவர்கிட்டக் கேட்டா. அவர்கிட்டச் சொன்னா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பிள்ளை தங்குனதும் என்ன செஞ்சேன், அஞ்சு மாசம் வரைக்கும் அவகிட்டச் சொல்லலை. ஆசீரும் நானும் மட்டும் வச்சுக்கிட்டோம். அந்த அஞ்சு மாசந்தான் இது என் பிள்ளையா இருந்துச்சு. ஏ குட்டி, கேக்குதா, உன்னை எவ கையிலயும் குடுக்காம வச்சிருந்தேன், இப்பம் நீயே போயிராத. ஒரு உதை. ஒண்ணே ஒண்ணு. வலிக்கிற மாதிரி உதை, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ஸ்டூல்ல உக்காந்திருந்த அம்மா எந்திரிக்கா. தெரியும், இந்தச் சத்தம் தெரியும், சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில போடுத சரசரப்பு. வேண்டாம்மா. இப்பம் வேண்டாம். எனக்குக் காதால கேக்கணும், உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன், சத்தம் போடாத. என் நெத்தியில கை வச்சா. கை ஜில்லுன்னு இருக்கு. "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, வானத்தையும் பூமியையும் அதிலுள்ள யாவையும் உண்டாக்கினவரே, இந்தப் பகற்பொழுதிலே தூசியும் சாம்பலுமாகிய நாங்கள் உம்முடைய பாதபடியிலே." அடுத்த கட்டில்ல பிள்ளை பெத்த பொண்ணுக்கு மாமியார், நெத்தி நிறைய திருநீறு பூசுன பெரியம்மா, அவங்களும் மரியாதைக்கு எந்திரிச்சுக் கையைக் கட்டி நிக்காவ. அம்மா குரல் ஏறுது, இறங்குது, நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்துது. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது, ஜெபத்துக்காக இல்ல, கோவத்துல. வானமும் பூமியும் எதுக்கு இப்பம், விசயத்துக்கு வா, பிள்ளை அசையலை, அதைச் சொல்லு. "காலையிலே எச்சரிப்பின் சத்தம் கேட்டும், அதை அசட்டை பண்ணி, குளித்து முழுகித் தாமதித்து வந்த எங்கள் மதியீனத்தை மன்னித்தருளும்." வந்துட்டுல்லா. வந்துட்டு பாத்தியா. எங்கள் மதியீனமாம். யாரு அந்த எங்கள்? நீயா குளிச்ச? "அம்மா." நிறுத்தலை. "அம்மா, நிறுத்து. என்னைத் திட்டணும்னா என்னையத் திட்டு. அவர்கிட்ட எதுக்குப் போட்டுக் குடுக்க? நான் இங்கதான கெடக்கேன்? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, ஏன்டி குளிக்கப் போனன்னு கேளு, ஒரு அறை விடு, எதையாவது செய்யி, இப்படிச் செய்யாத." ரொம்பக் கத்திட்டேன் போல, வாசல்ல போன ஆயா எட்டிப் பாத்துட்டுப் போறா. கத்துனதுல வயிறு இறுகிப் போச்சு, கல்லு மாதிரி. அம்மா கண்ணைத் திறந்துட்டா. ஜெபத்தைப் பாதியில விட்டுட்டுக் கண்ணைத் திறந்து அவளை நான் பாத்ததே இல்ல. தலைப்பு தோள்ல விழுந்து கெடக்கு. நரைச்ச முடி, ஹேர்பின் ஒண்ணு தொங்குது. ஆமென் சொல்லலை. ஸ்டூல்ல உக்காந்தா. தொங்குன ஹேர்பின்னை எடுத்துச் சொருகுனா. பொறவு, "எனக்கு வேற மாதிரி வராதுட்டி"ன்னா. "உன் மூஞ்சியப் பாத்துப் பேசுனா அழுதுருவேன். அழுதா நீ பயந்துருவ. கண்ணை மூடிக்கிட்டாத்தான் எனக்குப் பேச்சு வரும்." அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சு என் காலைப் பிடிச்சு அமுக்க ஆரம்பிச்சிட்டா, வீங்கிப் போன காலு, அதைப் பைய, பையப் பிடிச்சு விடுதா.

கோவத்தை எங்க கொண்டு வைக்க. முப்பத்தஞ்சு வருசமா என்னைத் திட்டுதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், இவ அழாம இருக்கப் பாத்திருக்கா, கோட்டிக்காரி, ரெண்டு பேருமே கிறுக்கு பிடிச்ச கோட்டிக்காரிங்க. இதை யோசிக்க இப்பம் நேரம் இல்ல. அசையலை. வயிறு இறுக்கம் விட்டுது, ஆனா அசையலை. சிஸ்டர் எங்க, டாக்டர் எங்க, தியேட்டர்ல அப்படி என்ன பண்ணுதாவ. அந்தப் பெரியம்மா துண்டை மடிச்சுக்கிட்டே, யாரையும் பாக்காம, ஜன்னலைப் பாத்து என்னமோ சொல்லுதாவ. "ஏ முருகா, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகிறப்பிடாது, கேட்டியா? சொல்லிட்டேன், பாத்துக்கோ." அவ்வளவுதான். துண்டை மடிச்சுக் கட்டில்ல வச்சிட்டு, பேரனுக்கு அணையாடை மாத்தப் போயிட்டாவ. காய்கறிக்காரன்கிட்ட நாளைக்குக் கீரை கொண்டு வான்னு சொல்லுத மாதிரி சொல்லிட்டுப் போயிட்டாவளே. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. எனக்காக அவங்க கேட்டாச்சு, எங்க அம்மா கேட்டாச்சு, எனக்காக நான் கேக்கலை. கேக்கட்டுமா? என்னன்னு ஆரம்பிக்க? ஏசப்பா. சொல்லிட்டேன். உதடு மட்டும் அசைஞ்சுது. ஏசப்பா, நான் பெர்சிஸ். சீ, பேங்குக்குப் போன் போட்ட மாதிரி. அவருக்குத் தெரியாதா. பரம பிதாவே, இல்ல, அப்படிப் போனா வானமும் பூமியும் வந்துரும், பொறவு என் குரல் அம்மா குரலாயிரும், அது வேண்டாம். ஏசப்பா, இங்க பாரும். பிள்ளை அசைய மாட்டேங்கு. காலையில இருந்து. நான் தூங்குதுன்னு நினைச்சுட்டேன். குளிச்சேன். ஆமா, குளிச்சேன், நான்தான் குளிச்சேன், எங்கள் இல்ல, நான். தலை பிசுபிசுன்னு இருந்துச்சு, ஆசீர் வாறாவன்னு ஆசையாவும் இருந்துச்சு, அதான். இதுக்காகப் பிள்ளையை எடுத்துக்கிடுவீரா? அப்படிப்பட்ட ஆளா நீரு? எனக்குத் தெரியாதே. உம்மளைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதே, உம்மளைப் பத்தின பாட்டுதான் தெரியும். ஏழு வருசம் எவள்லாமோ உம்மகிட்டக் கேட்டாளுவ, நீரும் குடுத்தீரு, அவங்க கேட்டதுக்காகத்தான் குடுத்தீரா, நான் கேக்கலைன்னுதான் திரும்பக் கேக்கீரா, இல்ல, இது என்ன யாவாரமா, எனக்கு இப்படி யோசிக்கப் பிடிக்கலை. சரி, இப்பம் கேக்கேன். நானே கேக்கேன். இந்தா பாரும், வயித்துல கை வச்சிருக்கேன், இதுக்குக் கீழதான் தலை இருக்கணும், டாக்டர் போன தடவை சொன்னாவ. நீரும் கை வையும். என் கைக்கு மேல வையும். என்னமாவது தெரியுதா? எனக்கு ஒண்ணும் தெரியலை. ஏசப்பா, பயமா இருக்கு, வாய் காஞ்சு போச்சு, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.

சிஸ்டர் வந்துட்டாவ. மெஷினோட. "அசைஞ்சுதாம்மா?" இல்லன்னு தலையாட்டுனேன். பசையைத் தடவி அந்தக் குமிழை வச்சாவ, கரகரன்னு சத்தம், வேற சத்தம், அது என்னோட துடிப்பாம், தள்ளி வச்சாவ, கரகர, இன்னும் கீழ, இன்னும் சைடுல. சிஸ்டர் முகத்தைப் பாக்கேன். இந்தக் கரகரப்புக்குள்ள எங்கயாவது இருக்குமா, சின்னதுல ரேடியோ திருப்புவாவளே அப்பா, ஸ்டேஷன் கிடைக்காம. ஏசப்பா, நிறுத்தும், அந்த இடத்துல நிறுத்தும், அங்கதான். வந்துட்டு. டக். டக். இம்புட்டு இடைவெளியா? மொதல்ல இப்படி இல்லியே. "சிஸ்டர், இருக்குல்லா?" "இருக்கும்மா"ன்னுட்டு மெஷினை அப்படியே என் கையில குடுத்துட்டு ஓடிட்டாவ. ஓடுனா என்ன அர்த்தம். சிஸ்டர்மாரு ஓடக் கூடாது. அம்மா என் கால் பெருவிரலை இறுக்கிப் பிடிச்சிருக்கா, வலிக்கு, வலிக்கட்டும். டாக்டரம்மா பச்சைச் சட்டையோட வந்தாவ, ஸ்கேன் பெட்டியைத் தள்ளிக்கிட்டு ஒருத்தி. நீலத் திரையைப் பாத்தாவ, படபடன்னு பேசுனாவ, என்கிட்ட இல்ல, சிஸ்டர்கிட்ட, பொறவு என்கிட்ட. "துடிப்பு இறங்குதும்மா. உடனே எடுத்துரணும். முதுகுல ஊசி போட்டுக் காத்திருக்க நேரம் இல்ல, முழு மயக்கந்தான் குடுக்கணும். வீட்டுக்காரர் இருக்காரா?" வந்துக்கிட்டு இருக்காருன்னு அம்மா சொல்லுதா, நான் கையெழுத்து போடுதேன், நான் இவ அம்மா, எங்க போடணும்னு கேக்கா. போட்டா. கோணலாப் போட்டா, ரத்னபாய் டீச்சர், கையெழுத்துக்கே பேர் போனவ. "பிள்ளை நல்லா வந்துருமா டாக்டர்?" நான்தான் கேட்டேன், என் குரலா இது. "பாப்போம்மா." பாப்போம்னாவ. வந்துரும்னு சொல்லலை.

கட்டில் ஓடுது. மேல டியூப் லைட்டு ஒண்ணொண்ணாப் போகுது. அம்மா பக்கத்துலயே ஓடி வாறா, மூட்டு வலிக்காரி, என் கையைப் பிடிச்சுக்கிட்டு. ஜெபம் பண்ணுவான்னு நினைச்சேன். பண்ணலை. வாயைத் திறந்தா, மூடுனா, திறந்தா. கண்ணு திறந்துதான் இருக்கு. என் மூஞ்சியத்தான் பாக்கா. "பெர்சிஸ், எனக்குப் பயமா இருக்குட்டி"ன்னா. சொல்லிட்டு அழுதுட்டா, சொன்ன மாதிரியே அழுதுட்டா, மூக்கு ஒழுக, சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு. எனக்கும்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. சொன்னேனா, நினைச்சேனா தெரியலை, அதுக்குள்ள கதவு வந்துட்டு. "இதுக்கு மேல வரக் கூடாதும்மா, நீங்க இங்கனயே நில்லுங்க." கை விட்டுப் போச்சு. கதவு ஆடிக்கிட்டு இருக்கு, அந்த ஆட்டத்துக்கு நடுவுல அவ நிக்கது தெரியுது, தெரியலை, தெரியுது.

உள்ள ஒரே குளிரு. ஏசப்பா, அம்மாவ விட மாட்டாங்களாம். ஆசீர் பஸ்ஸுல கெடக்காவ. நீரு வாரும். செருப்பை வெளிய கழத்திப் போட்டுட்டு வாரும், இல்லைன்னா இங்க திட்டுவாங்க. வந்துட்டீரா? அன்னா அந்தப் பெரிய லைட்டுக்கு அந்தப் பக்கம் நில்லும், அவங்க கைக்குக் குறுக்க நிக்காதேரும், அவங்க வேலையைப் பாக்கட்டும். கையைக் கட்டுதாவ, மூக்குல மூடியை வைக்காவ, ரப்பர் வாடை, மூச்சை நல்லா இழுங்கங்காவ. இழுக்கேன். உம்மகிட்ட ஒண்ணு கேக்கணும், சீக்கிரமாச் சொல்லிருதேன். என்னைத் தூங்க வச்சிருவாங்க. பிள்ளை வெளிய வரும்போது எனக்கு நினைவு இருக்காது. அழுதுச்சா இல்லியான்னு என் காதால கேக்க முடியாது. நீரு தூங்காதேரும். நீரு நின்னு கேளும். அழுதா, நான் முழிச்சதும் மொத ஆளா என்கிட்டச் சொல்லும். அழலைன்னா, அதையும் நீரே சொல்லும் ஏசப்பா. சிஸ்டர்கிட்டச் சொல்லி விடாதேரும், அம்மாகிட்டச் சொல்லி விடாதேரும், நீரே வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லும், நான் உம்மளைத் திட்டுவேன், என்ன வேணும்னாலும் சொல்லுவேன், அடிக்க வந்தாலும் வருவேன், பரவாயில்ல, போயிராம அங்கனயே நில்லும். லைட்டு மங்குது. இருக்கீரா? நான் இன்னும் முடிக்கலை.